ரீட் லாக்கும் எழுதத்தான் செய்கிறது

போன இதழில் கர்னல் (இயங்குதளத்தின் மையம்) பூட்டுகளைப் பற்றி, அதாவது ஒரே தரவைப் பலர் ஒரே நேரத்தில் தொட்டுக் குழப்பாமல் காக்கும் ஏற்பாட்டைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரீடர்-ரைட்டர் லாக் பற்றியவை. படிக்கிறவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒன்றாக உள்ளே இருக்கலாம், எழுத வருகிறவர் மட்டும் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தப் பூட்டின் விதி. சொல்வதற்கு ரொம்ப எளிது. அதனால்தான் எல்லோரும் அதில் போய் விழுகிறார்கள். இந்த மாதப் பக்கத்தை முழுக்க அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு ஒரு கர்னல் மாட்யூல் எழுதினேன். உள்ளே ஒரு ஹாஷ் டேபிள் (சாவியைக் கொடுத்தால் சட்டென்று தரவைத் தேடித் தரும் அட்டவணை). நூறு முறை தேடினால் ஒரு முறைதான் புதிதாக எதையாவது சேர்ப்போம். முதலில் ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை தூங்காமல் சுழன்றுகொண்டே காத்திருக்கும் பூட்டு) போட்டிருந்தேன். படிப்பதுதானே அதிகம் என்று ரீடர்-ரைட்டர் ஸ்பின்லாக்குக்கு மாற்றினேன். என் லேப்டாப்பில் வித்தியாசமே தெரியவில்லை. கல்லூரி லேபில் இருக்கும் 2 சாக்கெட் (இரண்டு செயலி) சர்வரில் ஓட்டினால் முன்பைவிட மெதுவாகிவிட்டது. கைடு, 'கோடில் எங்கேயோ தப்பு, போய்ப் பார்' என்கிறார். எனக்கு ஒரு தப்பும் கண்ணில் படவில்லை.
(மாணவி, திருப்பரங்குன்றம்)

பதில்: கோடில் தப்பு இல்லை தங்கச்சி. கைடிடம் தைரியமாகப் போய்ச் சொல்லலாம். ஆனால் காரணத்தோடு போனால்தான் கேட்பார்.

ரீடர்கள் ஒருவரை ஒருவர் தடுப்பதில்லை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பூட்டு காக்கிற தரவைப் பொறுத்தவரை அது உண்மை. பூட்டைப் பொறுத்தவரை உண்மை இல்லை. உள்ளே எத்தனை ரீடர்கள் இருக்கிறார்கள் என்ற கணக்கு அந்தப் பூட்டிலேயே ஓர் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. ரீட் லாக் எடுக்கும் ஒவ்வொரு கோரும் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) அந்த எண்ணைக் கூட்ட வேண்டும், விடும்போது கழிக்க வேண்டும். கூட்டுவதும் கழிப்பதும் எழுதுவதுதானே?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை எழுதிய பலகை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்க்கலாம். ஆனால் பார்க்கிற ஒவ்வொருவரும் பக்கத்தில் தொங்கும் ஒரே நோட்டில் வரும்போது ஒரு கையெழுத்தும் போகும்போது ஒரு கையெழுத்தும் போட்டாக வேண்டும் என்று சொல்லிவிட்டால்? விலை பார்க்க ஒரு நொடி, நோட்டு கைக்கு வர அரை மணி நேரம். உங்கள் மாட்யூலில் நடப்பது இதுதான்.

இனி இயந்திரத்துக்குள் போவோம். எக்ஸ்86 செயலிகளில் நினைவகம் கோர்களுக்குள் 64 பைட் கொண்ட கேஷ் லைன்களாகத்தான் வருகிறது. கேஷ் என்பது கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம். ஒரு லைனைச் சும்மா படிப்பதற்கு எல்லாக் கோர்களும் ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம். எழுத வேண்டும் என்றால், மற்ற எல்லாப் பிரதிகளையும் செல்லாததாக்கிவிட்டு ஒரு கோர் மட்டும் அதைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும். பூட்டின் எண் இருக்கும் லைன் இப்படிக் கோர் கோராகப் பயணம் போகிறது. தன் சொந்த எல்1 கேஷில் இருப்பதைத் தொட ஒரு கோருக்கு ஒரு நானோ விநாடி அளவுதான் ஆகும். பக்கத்துச் சாக்கெட்டில் இன்னொரு கோர் மாற்றி வைத்திருக்கும் லைனை இழுத்து வர நூறு நானோ விநாடி அளவுக்குப் போய்விடும். ஹாஷ் டேபிளில் ஒரு பக்கெட்டை (டேபிளின் ஒரு பெட்டி) பார்த்து இரண்டு மூன்று சாவிகளை ஒப்பிடும் உங்கள் வேலையே அதைவிடச் சின்னது. வேலையைவிடக் கையெழுத்து பெரிதாகிவிட்டது.

சரி, ஸ்பின்லாக்கிலும் இதே பயணம் உண்டே, அதைவிட ஏன் மெதுவானது? லினக்ஸில் எக்ஸ்86 ஸ்பின்லாக்கை எடுக்கும்போது ஓர் அணுச் செயல் (நடுவில் வேறு கோர் புக முடியாத செயல்) வேண்டும். விடும்போது வெறுமனே ஒரு பைட்டில் சுழியம் எழுதினால் போதும். ரீட் லாக்கை விடும்போது அப்படி முடியாது. மற்ற ரீடர்களும் அதே எண்ணில் கை வைத்திருப்பதால், கழிப்பதும் அணுச் செயலாகவே இருக்க வேண்டும். ஆக ஒவ்வொரு தேடலுக்கும் இரண்டு. கர்னலோடு வரும் ஸ்பின்லாக் ஆவணத்திலேயே இது எழுதியிருக்கிறது: பூட்டுக்குள் படிக்கும் நேரம் நீளமாக இல்லாவிட்டால் சாதாரண ஸ்பின்லாக்கே நல்லது என்று. கூடவே, ரீடர்-ரைட்டர் ஸ்பின்லாக்குகளைப் பெரும்பாலான இடங்களிலிருந்து அகற்றிக்கொண்டிருக்கிறோம், புதிதாக ஒன்றைக் கேட்காமல் சேர்க்காதீர்கள் என்றும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கைடின் மேசையில் வையுங்கள்.

கையோடு ஆதாரமும் வேண்டுமென்றால் அந்தச் சர்வரில் 'பெர்ஃப் சி2சி' ஓட்டுங்கள். எந்தக் கேஷ் லைனை ஒரு கோர் மாற்றி வைக்க, இன்னொரு கோர் போய்ப் பிடுங்கியது என்பதை எண்ணிக் காட்டும் கருவி அது. அறிக்கையில் 'ஹிட்-எம்' என்ற நெடுவரிசை இருக்கும். அதில் முதல் வரியாக வந்து நிற்கும் லைனை விரித்துப் பாருங்கள். உள்ளே எந்த ஆஃப்செட்டில் (லைனின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி) மோதல் என்று தனித்தனியாகக் காட்டும். பூட்டின் ஆஃப்செட் மட்டும் வந்தால் நான் சொன்ன கதை. பூட்டுக்கு 8 பைட் தள்ளி வேறொரு ஆஃப்செட்டும் வந்தால் இன்னொரு கதையும் சேர்ந்திருக்கிறது: உங்கள் ஸ்ட்ரக்ட்டில் பூட்டுக்கு அடுத்த வரியிலேயே டேபிளின் பாயிண்டரை (அது இருக்கும் முகவரி) அறிவித்திருப்பீர்கள். இரண்டும் ஒரே 64 பைட்டுக்குள் விழுந்துவிட்டன. பூட்டைத் தொடுகிற ஒவ்வொருவரும் பாயிண்டரையும் எல்லோர் கேஷிலிருந்தும் விரட்டிவிடுகிறார்கள். கேஷ் லைன் எல்லையில் அலைன் செய்யும் மேக்ரோவைப் போட்டு இரண்டையும் பிரித்துவிடுங்கள். ஒரு வரி மாற்றம்தான், சில நேரம் அதுவே பாதி நோயைத் தீர்த்துவிடும்.

மீதிப் பாதிக்கு: பக்கெட்டுக்கு ஒரு ஸ்பின்லாக் போட்டால் மோதல் சிதறிவிடும். புராஜெக்ட்டுக்கு அது போதும். இன்னும் வேண்டுமென்றால் தேடும் பக்கத்தில் பூட்டே இல்லாமல் ஆர்.சி.யு. (ரீட்-காப்பி-அப்டேட்) முறைக்குப் போகலாம். அதைப் பற்றித்தான் அடுத்த கடிதம்.

கேள்வி: சென்னையில் வேலை, சொந்த ஊர் மேலூர். எங்கள் டீமில் ஓர் அண்ணன், 'ஆர்.சி.யு. இருக்கும்போது ரீடர்-ரைட்டர் லாக் எல்லாம் பழைய பஞ்சாங்கம்' என்கிறார். எல்லாவற்றையும் ஆர்.சி.யு.வுக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை முடிந்ததே, ஏன் கர்னலிலேயே இன்னும் வைத்திருக்கிறார்கள்?

பதில்: அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஆர்.சி.யு. 2002-இல் லினக்ஸ் 2.5.43-இல் சேர்ந்தது. அதில் படிக்கிறவர் எந்தப் பொது எண்ணையும் தொடுவதில்லை. உள்ளே ஓடும் வேலையை நடுவில் பிடுங்கி வேறு வேலைக்கு மாறாத கர்னலில் ஆர்.சி.யு. ரீட் லாக் என்ற வரி கம்பைல் ஆனபின் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சாது. எழுதுகிறவர் இருக்கிறதைத் திருத்துவதில்லை. புதுப் பிரதி ஒன்றைத் தயாரித்து, பாயிண்டரை அதன் பக்கம் திருப்பிவிடுவார். பழையதை உடனே அழிக்க முடியாது. யாராவது அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதனால் ஒவ்வொரு கோரும் ஒரு முறையாவது டாஸ்க் மாறியது, யூசர் பக்கம் போனது, அல்லது சும்மா இருந்தது என்று உறுதியாகும்வரை காத்திருந்து, அப்புறம் பழைய நினைவகத்தை விடுவிப்பார்.

அந்தக் காத்திருப்புதான் இங்கே விலை. சாதாரணமாக அது மில்லி விநாடிக் கணக்கில் ஓடும். அப்படிக் காத்திருக்கும் 'சிங்க்ரனைஸ் ஆர்.சி.யு.' அழைப்பை ஒரு லூப்புக்குள் போட்டு ஆயிரம் உருப்படிகளை நீக்கிப் பாருங்கள், விநாடிக் கணக்கில் நிற்கும். காத்திருக்காமல் 'கால் ஆர்.சி.யு.' என்று பின்னால் தள்ளிவிட்டால் வேகம் கிடைக்கும், அழிக்கப்படாத பழைய பிரதிகள் நினைவகத்தில் குவியும். எழுதுகிறவர்கள் இரண்டு பேர் வந்தால் அவர்களுக்குள் ஒரு பூட்டு எப்படியும் வேண்டும். சாதாரண ஆர்.சி.யு. பகுதிக்குள் தூங்கவும் (கோரை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கவும்) கூடாது. தூங்க வேண்டியிருந்தால் எஸ்.ஆர்.சி.யு. என்று தனி வகை.

இதைவிடப் பெரிய சிக்கல், ரீடர் பார்ப்பது பழையதாக இருக்கலாம் என்பது. ஒரு ஃபைல் பாதையைத் தேடுவதற்கோ ஒரு நெட்வொர்க் ரூட்டைத் தேடுவதற்கோ அது பெரும்பாலும் பரவாயில்லை. ஆனால் 'இந்த இரண்டு எண்களும் ஒரே கணத்தில் சரியாக இருக்க வேண்டும்' என்றால் ஆர்.சி.யு. தானாக அதைத் தராது. இரண்டையும் ஒரே ஸ்ட்ரக்ட்டில் வைத்து ஒட்டுமொத்தமாக மாற்ற வேண்டும், இல்லை வேறு பூட்டுக்குப் போக வேண்டும்.

சின்னத் தரவு, பாயிண்டர் எதுவும் இல்லை, எழுதுகிறவர் அரிது என்றால் சீக்லாக் நல்லது. எழுதுகிறவர் ஓர் எண்ணை ஒற்றைப்படை ஆக்கிவிட்டு எழுதுவார், முடித்ததும் இரட்டைப்படை ஆக்குவார். ரீடர் முன்னும் பின்னும் அந்த எண்ணைப் பார்ப்பார். மாறியிருந்தால் மறுபடி படிப்பார். ரீடர் எதையும் எழுதுவதே இல்லை. நீங்கள் மணி கேட்கும்போதெல்லாம் உள்ளே நடப்பது இதுதான். பாயிண்டர் வழியாக நடந்து போகும் தரவுக்கு மட்டும் இதைத் தனியாகப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நினைவகம் விடுவிக்கப்பட்டிருக்கும். மறுபடி படிக்கலாம் என்று திரும்புவதற்குள் கர்னல் படுத்துவிடும். ஃபைல் பாதைத் தேடலில் இரண்டையும் சேர்த்தே வைத்தார்கள், 2011-இல் வந்த 2.6.38-இல்: நினைவகம் மறையாமல் பார்த்துக்கொள்ள ஆர்.சி.யு., இடையில் மாறியதா என்று பார்க்க சீக்வென்ஸ் எண். எனக்குக் கர்னலில் பிடித்த இடங்களில் அது ஒன்று. பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

எழுதுவது மிகமிக அரிது, ஆனால் ரீடர் பூட்டுக்குள் தூங்கவும் வேண்டும் என்றால் பெர்-சி.பி.யு. ரீடர்-ரைட்டர் செமஃபோர் (காத்திருப்பவர் சுழலாமல் தூங்கும் வகைப் பூட்டு) இருக்கிறது. ஒவ்வொரு கோருக்கும் தனி எண். ரீடர் தன் கோரின் எண்ணை மட்டும் தொடுவார். எழுதுகிறவர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துக் காத்திருப்பார். ஃபைல் சிஸ்டத்தை உறைய வைக்கவும் கோர்களை ஏற்றி இறக்கவும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இரண்டுமே தினம் நடக்கிற காரியம் இல்லை.

ஆக, பழைய பஞ்சாங்கம் என்று தூக்கி எறிய வேண்டியதில்லை. கர்னலில், ஓடும் புரோகிராம்களின் (பிராசஸ்) பட்டியலைக் காக்கும் டாஸ்க் பட்டியல் பூட்டு இன்றும் ரீடர்-ரைட்டர் வகைதான். படிக்கும் பக்கத்தில் பல இடங்கள் ஆர்.சி.யு.வுக்குப் போய்விட்டன, பிராசஸைப் பிறப்பிக்கும் ஃபோர்க்கும் முடிக்கும் எக்ஸிட்டும் இன்னும் அதை எடுக்கின்றன.

கேள்வி: இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன் மேடம். எங்கள் சி++ சர்வீஸ் ஒன்று பல நூறு ஜி.பி. நினைவகத்தை ஒரே பெரிய மேப்பாக (தொடர்ச்சியான முகவரிப் பகுதி) எடுத்து கேஷாக வைத்திருக்கிறது. உபுண்டு 20.04, 5.4 கர்னல். சில மாதங்களாக அவ்வப்போது மொத்த சர்வீஸும் உறைந்துபோய், பிறகு தானாகவே எழுந்து ஓடுகிறது. சி.பி.யு. அந்த நேரத்தில் ஓய்வாகத்தான் இருக்கிறது. நெட்வொர்க் ஆட்கள் எங்களைக் கை காட்டுகிறார்கள், நாங்கள் அவர்களை. மானிட்டரிங் ஏஜெண்ட் போட்டபிறகுதான் இது ஆரம்பித்தது என்று ஒருவர் சொல்கிறார். வெறும் படிக்கிற ஏஜெண்ட் எப்படி ஒரு சர்வீஸை நிறுத்தும்?

பதில்: நிறுத்தும். இதே நாடகத்தை நான் பெங்களூரில் ஸ்டோரேஜ் வேலையில் இருந்தபோதும் பார்த்திருக்கிறேன். அங்கேயும் ஒரு வாரம் நெட்வொர்க் ஆட்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு பிராசஸின் நினைவக வரைபடத்தையும் காக்க ஒரு ரீடர்-ரைட்டர் செமஃபோர் இருக்கிறது. எம்மேப் செம் என்று இருந்தது, 5.8 கர்னலில் எம்மேப் லாக் என்று பெயர் மாறியது. பேஜ் ஃபால்ட் (தொட்ட பக்கம் இன்னும் இணைக்கப்படாத நிலை) வந்தால் அந்தப் பூட்டை ரீடராக எடுக்க வேண்டும். வரைபடத்தை மாற்றும் எம்மேப், எம்-அன்மேப், எம்-புரொடெக்ட் அழைப்புகள் ரைட்டராக எடுக்கும். உங்கள் ஏஜெண்ட், ப்ராக் (கர்னல் தன் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும்) கோப்பகத்தில் அந்தப் பிராசஸின் 'ஸ்மேப்ஸ்' கோப்பைப் படிக்கிறது என்றால், அதுவும் ரீடராக எடுத்துத்தான் பேஜ் டேபிள்களை (எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைகள்) நடந்து எண்ணும்.

இப்போது வரிசையாகப் பாருங்கள். ஏஜெண்ட் ரீடராக உள்ளே போய், உங்கள் பல நூறு ஜி.பி. மேப்பை 4 கே.பி. பக்கமாக எண்ண ஆரம்பிக்கிறது. அந்தக் கோப்பைத் துண்டு துண்டாகப் படிக்கும்போது நடுவில் பூட்டு விடப்படும் என்பது உண்மை. ஆனால் ஒரே மேப்பிங்கை எண்ணி முடிக்கும்வரை விடாது, உங்களுடையதோ ஒரே பெரிய மேப்பிங். இந்த நேரத்தில் உங்கள் த்ரெட் (பிராசஸுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) ஒன்று பெரிய மால்லாக் (நினைவகம் கேட்பது) செய்கிறது. அது உள்ளே எம்மேப் ஆகிறது. ரைட்டராக வந்து வெளியே காத்திருக்கிறது. அதுவரை தப்பில்லை. ரைட்டர் ஒருவர் காத்திருக்கும்போது, அதற்குப் பின்னால் வரும் ரீடர்கள் அவரைத் தாண்டிப் போகக் கூடாது. இல்லாவிட்டால் ரைட்டருக்கு முறையே வராது. ஆகவே அடுத்து வரும் பேஜ் ஃபால்ட்கள் எல்லாம் ரைட்டருக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. உள்ளே இருப்பது ஒரு ரீடர், வெளியே நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேரும் ரீடர்கள், யாருக்கும் யாரோடும் உண்மையான சண்டை இல்லை. ஆனாலும் ஒரு த்ரெட்டும் நகராது. எல்லோரும் தூங்குகிறார்கள், அதனால் சி.பி.யு. ஓய்வாகத் தெரிகிறது.

உறையும்போது உறுதி செய்துகொள்ளுங்கள். பிராசஸ்களைப் பட்டியலிடும் 'பி.எஸ். ஆக்ஸ்' அடிக்காதீர்கள். ஒவ்வொரு பிராசஸின் கட்டளை வரியைப் படிக்க அதே எம்மேப் லாக் வேண்டும். உங்கள் டெர்மினலும் அந்த வரிசையில் போய் நிற்கும். அதற்குப் பதில் ரூட்டாக (நிர்வாகியாக) இருந்து, ப்ராக் கோப்பகத்தில் அந்தப் பிராசஸின் டாஸ்க் பட்டியலுக்குள் ஒவ்வொரு த்ரெட்டின் 'ஸ்டாக்' கோப்பைப் பாருங்கள். பெரும்பாலான த்ரெட்களில் மேலே, பூட்டுக்காகக் காத்திருக்கும் ரீட் ஸ்லோ-பாத் சார்பும் அதற்குக் கீழே பேஜ் ஃபால்ட்டும் தெரியும். ஒன்றிரண்டில் மட்டும் ரைட் ஸ்லோ-பாத்தும் கீழே எம்மேப்பும் தெரியும். அந்த ஒன்றிரண்டு கிடைத்தால் கதை முடிந்தது. புதிய கர்னலில் 'பெர்ஃப் லாக் கன்டென்ஷன்' கருவியே ரீடர் காத்திருப்பையும் ரைட்டர் காத்திருப்பையும் தனித்தனி வரியாக, அழைத்த சார்போடு காட்டிவிடும். 5.4-இல் அதற்கு வேண்டிய ட்ரேஸ்பாயிண்ட்கள் இல்லை.

இன்றே செய்யக்கூடியது, ஏஜெண்ட்டின் அமைப்பில் ஸ்மேப்ஸ் படிப்பதை நிறுத்துவது. மொத்த ஆர்.எஸ்.எஸ். (பிராசஸ் ரேமில் பிடித்திருக்கும் அளவு) மட்டும் வேண்டுமென்றால் 'ஸ்டாட்-எம்' கோப்பு போதும். அது ஏற்கெனவே இருக்கும் எண்ணிக்கைகளைத்தான் எடுத்துத் தருகிறது, பேஜ் டேபிள் நடை இல்லை. பகிர்ந்த பக்கங்களைப் பங்கு பிரித்துச் சொல்லும் பி.எஸ்.எஸ். கணக்கு கட்டாயம் வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு ஒரு முறை, நள்ளிரவில் படித்துக்கொள்ளுங்கள். பத்து விநாடிக்கு ஒரு முறை யாருக்கும் அது தேவைப்படாது.

நிரந்தரத் தீர்வு கர்னலில் இருக்கிறது. 2023-இல் வந்த 6.4-இல் ஒவ்வொரு வி.எம்.ஏ.வுக்கும், அதாவது ஒவ்வொரு மேப்பிங்குக்கும், தனிப் பூட்டு கொடுத்தார்கள். பேஜ் ஃபால்ட் இப்போது முதலில் தன் மேப்பிங்கை ஆர்.சி.யு. துணையோடு தேடி, அதன் பூட்டை மட்டும் எடுக்கப் பார்க்கும். முடியாவிட்டால்தான் பழைய எம்மேப் லாக்குக்குத் திரும்பும். முதலில் அனானிமஸ் (எந்தக் கோப்போடும் தொடர்பில்லாத) பக்கங்களுக்கு, அப்புறம் மற்றவற்றுக்கும் நீட்டினார்கள். இதற்கு முன்னால் 6.1-இல் மேப்பிங்குகளை மேப்பிள் ட்ரீ என்ற அமைப்புக்கு மாற்றியிருந்ததால்தான் பூட்டில்லாமல் தேடுவது சாத்தியமானது. உங்கள் விஷயத்தில் ஏஜெண்ட் எண்ணிக்கொண்டே இருக்கட்டும், எம்மேப் காத்திருக்கட்டும், பேஜ் ஃபால்ட்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். உபுண்டு 24.04 6.8 கர்னலோடு வருகிறது. மேலாளரிடம் அப்கிரேடு கேட்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

அப்கிரேடுக்கு நாள் ஆகும் என்றால், ரைட்டர்கள் வருவதையாவது குறையுங்கள். ஜி-லிப்-சி (லினக்ஸில் சி நிரல்களின் அடிப்படை நூலகம்) மால்லாக் 128 கே.பி.யில் தொடங்கும் ஓர் அளவைத் தாண்டினால் தனி எம்மேப்புக்குப் போகும், விடும்போது அன்மேப். அந்த வரம்பை உயர்த்தினால் எம்மேப் லாக்கை எழுத எடுப்பது கணிசமாகக் குறையும். பதிலுக்கு விடுவித்த நினைவகம் கர்னலுக்குத் திரும்பாமல் தங்கலாம், உங்களிடம் இடம் இருந்தால் கவலையில்லை.

கேள்வி: ரீடருக்கு முன்னுரிமையா, ரைட்டருக்கு முன்னுரிமையா? எது வேகம்?
(தேனி)

பதில்: 1971-இல் கூர்த்வா, ஹேமன்ஸ், பார்னாஸ் மூவரும் இந்தக் கணக்கை எழுதியபோதே இரண்டாகப் பிரித்து, இரண்டு விடை கொடுத்தார்கள். ரீடருக்குக் கொடுத்தால் மொத்த வேகம் கூடும், ரைட்டர் பட்டினி கிடக்கலாம். ரைட்டருக்குக் கொடுத்தால் போன கேள்வியில் பார்த்த மாதிரி வரிசை நீளும். லினக்ஸின் ரீடர்-ரைட்டர் ஸ்பின்லாக் 2014-இல் 3.16-இல் வரிசை முறைக்கு வந்தது, முதலில் வந்தவர் முதலில். அதில் ஒரே ஒரு சலுகை: இன்டரப்ட்டுக்குள்ளிருந்து (கோரின் வேலையை இடைமறித்து ஓடும் கோடு) வரும் ரீடர், காத்திருக்கும் ரைட்டரைத் தாண்டிப் போகலாம். காரணம், அதே கோரில் கீழே ஏற்கெனவே ஒரு ரீட் லாக் பிடித்திருக்கலாம். இன்டரப்ட் வரிசையில் நின்றால் அது வெளியே வராது, ரைட்டர் உள்ளே போக மாட்டார், எல்லாம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

தூங்கும் வகையான செமஃபோரில் 5.3-இல் வேறொன்று செய்தார்கள். 4 மில்லி விநாடிக்கு மேல் காத்திருப்பவர் 'அடுத்தது எனக்குத்தான்' என்று ஒரு பிட்டைப் போட்டுவிடலாம். அதன்பின் இடையில் யாரும் திருட முடியாது. அதே பதிப்பில் ரீடர்கள் தூங்குமுன் சற்றுச் சுழன்று பார்க்கவும் அனுமதி கொடுத்தார்கள். கேட்க நல்ல யோசனை. நடந்தது என்னவென்றால், ரீடர்கள் கும்பலாக ஒரே நேரத்தில் எழுப்பப்படுவதற்குப் பதில் ஒன்றிரண்டாக உள்ளே நுழைந்தார்கள், சேர்ந்து படிப்பது குறைந்தது. சில பதிப்புகளிலேயே அதை எடுத்துவிட்டார்கள். ரைட்டர் சுழல்வது மட்டும் இருக்கிறது.

கேள்வி: பிராவோ என்ற முறை எந்தப் பூட்டையும் வேகமாக்கும் என்கிறார்களே, உண்மையா? எப்படி?
(ஆய்வு மாணவி, நாகமலை புதுக்கோட்டை)

பதில்: 2019 யூஸ்னிக்ஸ் மாநாட்டில் டேவ் டைஸும் அலெக்ஸ் கோகனும் வைத்த கட்டுரை அது. அழகான யோசனை. எல்லாப் பூட்டுகளுக்கும் பொதுவாக 4096 இடங்கள் கொண்ட ஓர் அட்டவணை. பூட்டு ரீடர் பக்கம் சாய்ந்திருக்கும்போது, ரீடர் பூட்டின் எண்ணைத் தொடாமல், பூட்டின் முகவரியையும் த்ரெட்டையும் கலந்து ஹாஷ் செய்து கிடைக்கும் இடத்தில் தன் வருகையை எழுதிவிட்டுப் போவார். வெவ்வேறு த்ரெட்கள் பெரும்பாலும் வெவ்வேறு இடங்களில் விழும், ஒரே லைனுக்கு எல்லோரும் அடித்துக்கொள்ள மாட்டார்கள். இடம் நிரம்பியிருந்தால் அடியில் இருக்கும் பழைய பூட்டுக்கே போய்விடலாம். ரைட்டர் வந்தால் சாய்வை நீக்கி, அட்டவணை முழுக்கத் தேடி, தன் பூட்டின் பெயரில் இருப்பவர்கள் போகும்வரை காத்திருப்பார். அந்தத் தேடலுக்கு எவ்வளவு நேரம் ஆனதோ அதன் மடங்கு நேரத்துக்கு மறுபடி சாய விடாது. அதனால் எழுதுவது அதிகமான பூட்டில் நஷ்டம் ஓர் எல்லைக்குள் நிற்கும்.

பூட்டின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது. பெர்-சி.பி.யு. செமஃபோர் ஒவ்வொரு பூட்டுக்கும் கோர் எண்ணிக்கை அளவு இடம் கேட்கும். லட்சம் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்குமான பதிவு) இருக்கிற இடத்தில் அதை வைக்கவே முடியாது. 'எந்தப் பூட்டையும்' என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. எழுதுவதும் படிப்பதும் மாறி மாறி வரும் பூட்டில் இது ஒன்றும் தராது. நிகழ்நேர வேலைகளில் ரைட்டரின் தாமதம் எப்போது கூடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆய்வில் அந்தப் பக்கத்தை அளந்து எழுதினால் பயனுள்ளதாக இருக்கும். சராசரியை மட்டும் போடாதீர்கள், ரைட்டரின் மிக மோசமான காத்திருப்பையும் போடுங்கள்.

கேள்வி: அக்கா, என்னிடம் 4 கோர் லேப்டாப்தான் இருக்கிறது. இதையெல்லாம் அதில் சோதித்துப் பார்க்கலாமா? விர்ச்சுவல் மெஷினில் 32 கோர் கொடுத்தால் போதுமா?
(உசிலம்பட்டி)

பதில்: விர்ச்சுவல் மெஷினில் 32 கோர் என்று எழுதினாலும் அடியில் இருப்பது அதே 4 கோர்தானே தம்பி. பூட்டைப் பிடித்திருக்கும் மெய்நிகர் கோரையே ஹோஸ்ட் (அடியில் இருக்கும் நிஜ இயந்திரம்) இறக்கி வைத்துவிடும். அப்போது நீங்கள் அளப்பது ஹோஸ்ட்டின் ஷெட்யூலரை. கோடு சரியா என்று பார்க்க, லாக்டெப் (பூட்டு எடுக்கும் வரிசையைச் சோதிக்கும் கருவி) போட்டு டெட்லாக் (ஒருவருக்காக ஒருவர் காத்து எல்லாம் நின்றுபோவது) தேட, வி.எம். அருமையானது. வேகத்துக்கு ஆகாது.

நான் விளாங்குடியில் வீட்டு மாடியில் பழைய 2 சாக்கெட் சர்வர் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் ஃபேன் சத்தம் கேட்டு, 'மாடியில் மாவு மில்லா போட்டிருக்க?' என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டுவிட்டார். கரண்ட் பில்லும் அதற்கேற்ற மாதிரிதான். நீங்கள் வாங்க வேண்டியதில்லை. கல்லூரி லேபில் கேளுங்கள், இல்லையென்றால் கிளவுடில் முழு இயந்திரமாக ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுங்கள்.

லேப்டாப்பிலும் ஒரு வேலை செய்யலாம். கர்னல் சோர்ஸிலேயே 'ரெஃப்ஸ்கேல்' என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. படிக்கும் பக்கத்தின் செலவை மட்டும் அளப்பதற்கென்றே எழுதியது. கான்ஃபிக்கில் அதை மாட்யூலாகத் தேர்ந்தெடுத்து கம்பைல் செய்யுங்கள். ஏற்றும்போது ஸ்கேல் டைப் என்ற இடத்தில் முதலில் ஆர்.சி.யு., அப்புறம் ஆர்.டபிள்யூ. லாக், அப்புறம் ஆர்.டபிள்யூ. செம் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ரீடர் எண்ணிக்கையை 1, 2, 4 என்று ஏற்றுங்கள். ஒரு தடவை படிக்க எத்தனை நானோ விநாடி என்பதை டி-மெசேஜில் (கர்னலின் செய்திப் பதிவு) எழுதும். ஆர்.சி.யு. வரிசை அநேகமாக அசையாது, ஆர்.டபிள்யூ. லாக் வரிசை 4 கோரிலேயே ஏறத் தொடங்கும். சார்ஜரைச் செருகிவிட்டு, கவர்னரை (கோரின் வேகத்தை முடிவு செய்யும் அமைப்பு) பெர்ஃபார்மன்ஸில் வைத்துவிட்டு ஓட்டுங்கள். பேட்டரியில் ஓட்டினால் கோரின் வேகமே ஏறி இறங்கி எண்களைக் குழப்பிவிடும். முடிவுகளை அனுப்பும்போது எல்.எஸ்.சி.பி.யு. வெளியீட்டையும் சேர்த்து அனுப்புங்கள். 4 கோர் என்பது உண்மையில் 2 கோரும் ஹைப்பர்த்ரெட்டிங்குமா (ஒரு கோர் இரண்டாகத் தெரிவது) என்று அதைப் பார்த்தால்தான் எனக்குத் தெரியும்.